முதலில் ஏறக் காசு கட்டலாமா?

திருகோணமலையிலிருந்து இரவு பஸ் பிடித்துக் கட்டுநாயக்க போய்ச் சென்னைக்குப் பறக்கிறவர்கள் கவனியுங்கள். டிக்கெட் எடுக்கும்போது முதலில் ஏறுவதற்கென்று தனிக் கட்டணம் கேட்டால் அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். சீற் இலக்கம் போர்டிங் பாஸிலேயே இருக்கிறது. கடைசியாக ஏறினாலும் அதே சீற்தான். கிடைக்கிற லாபம், தலைக்கு மேலுள்ள தட்டில் பை வைக்க இடம். 7 கிலோ கைப்பை மட்டும் கொண்டுபோகிறவருக்கு, அதுவும் உள்ளே மடிகணினி இருந்தால், அது பெறுமதிதான். தட்டு நிரம்பிவிட்டால் பையை வாங்கிக் கீழே சாமான் அறைக்கு அனுப்பிவிடுவார்கள். பெட்டியைக் கவுன்டரிலேயே போட்டுவிடுகிறவருக்கு இது எதற்கு?

அம்மம்மாவைக் கூட்டிப் போகிறீர்களா? நடக்கக் கஷ்டமென்றால் டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேளுங்கள். பெரும்பாலும் அதற்குக் காசில்லை, அவர்களைத்தான் முதலில் ஏற்றுவார்கள். சின்னப் பிள்ளையோடு போகிறவர்கள் அந்தக் காசைச் சேர்ந்திருக்கிற சீற்றுக்குக் கட்டலாம்.

ஒன்லைன் செக்-இன் பல விமானங்களுக்கு 48 அல்லது 24 மணித்தியாலத்துக்கு முன் திறக்கும். பஸ் ஏற முன்னமே வீட்டிலிருந்து முடித்துவிடுங்கள். சில மலிவு விமானங்கள் கவுன்டரில் செக்-இன் செய்யத் தனியாக அறவிடும்.