வட்டார ஏற்றத்தாழ்வைக் குறைக்கப் போய் சறுக்கும் இடங்கள்

முதல் சறுக்கல் அளவுகோலில். மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் தலா உற்பத்தி தேசிய சராசரியைவிட அதிகம். அதை வைத்து ‘வசதியான மாநிலம்’ என்று ஒதுக்கீட்டைக் குறைத்தால், 2022-இல் அங்கு வறுமை விகிதம் 10.8 விழுக்காடு என்பது கண்ணில் படாது. நாடு முழுவதற்கும் அது 6.2தான். எண்ணெய், எரிவாயு வருமானம் மாநிலத்தின் உற்பத்திக் கணக்கில் ஏறுகிறது, வீட்டுச் செலவுக்கு வந்து சேர்வதில்லை. பார்க்க வேண்டியது குடும்ப வருமானத்தின் இடைநிலை, அதாவது வரிசையில் நடுவே நிற்கும் குடும்பத்தின் வருமானம்: 2022-இல் கோலாலம்பூரில் 10,234 ரிங்கிட், பினாங்கில் 6,502, கிளந்தானில் 3,614. அதையும் மாவட்டவாரியாகப் பிரிக்க வேண்டும். ‘பினாங்கு’ என்று ஒரே எண்ணை எழுதினால் தஞ்சோங் தோக்கோங் அடுக்குமாடியும் நிபோங் திபால் பழைய தோட்டக் குடியிருப்பும் ஒன்றாகிவிடும்.

அடுத்தது, பினாங்குத் தீவின் தொழிற்பேட்டையான பாயான் லெப்பாசைப் பாதி மட்டும் பார்த்துக் காப்பியடிப்பது. 1972-இல் தொடங்கிய அந்தச் சுதந்திர வர்த்தக மண்டலம் என்றதும் எல்லாருக்கும் வரிச்சலுகைதான் ஞாபகம் வரும். பக்கத்திலேயே விமான நிலையம் இருந்ததும், 1969-இல் அமைந்த மாநில வளர்ச்சிக் கழகம் நிலத்தைத் தயார் செய்து கொடுத்ததும், 1989-இல் தொழிற்சாலைகளே சேர்ந்து திறன் பயிற்சி மையம் நிறுவியதும் மறந்துபோகும். வெறும் நிலமும் சலுகையும் கொடுத்தால், சலுகைக் காலம் முடிந்ததும் கம்பெனி பெட்டியைக் கட்டிவிடும்.

பாலம் போட்டால் போதும் என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றையும்விடச் செலவு வைப்பது. தீவையும் பெருநிலத்தையும் இணைக்க 1985-இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலம் வேலையைப் பெருநிலத்துக்குக் கொண்டுபோகும் அதே வழியில் படித்த பிள்ளைகளைத் தீவுக்கு இழுத்தும் வரும். சாலை இரண்டு பக்கமும் ஓடும். கெடாவில் 1996 முதல் இயங்கும் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணி ஷிப்டுக்கு, அதே மாநிலத்தின் பாலிங் மாவட்டத்தில் ஐந்து மணிக்கெல்லாம் பஸ் வர வேண்டும். வராவிட்டால் மோட்டார் சைக்கிள் இல்லாத எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த பெண்பிள்ளைக்கு அந்த வேலை இல்லை என்றே அர்த்தம். காலியிடத்தை ஹாஸ்டலில் தங்கும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிரப்புவார்கள், பாலிங்கின் வருமானம் அப்படியே கிடக்கும். ஆகவே பஸ் செலவைத் தொழிற்பூங்காத் திட்டத்திலேயே, குறைந்தது ஐந்தாண்டுக்கு எழுதிவிடுங்கள். பூங்காவின் செலவோடு ஒப்பிட்டால் அது சில்லறைக் காசு.

மாநில எல்லையோடு கணக்கை முடிப்பதும் தவறு. பினாங்கு சுத்திகரிக்க எடுக்கும் தண்ணீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு சுங்கை மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அதன் நீர்ப்பிடிப்புக் காடு கெடாவில். மரம் வெட்டாதே என்று சொன்னால், வெட்டாமல் இழக்கும் வருமானத்தை யார் ஈடுகட்டுவது? 2019 பட்ஜெட்டில் மத்திய அரசு இயற்கைப் பகுதிகளைக் காக்க மாநிலங்களுக்கு 60 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கியது. வழி சரி. ஆனால் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்துத்தான் அந்தத் தொகை.

கடைசியாக, மதிப்பீடு. ‘ஒப்புதல் பெற்ற முதலீடு’ இத்தனை பில்லியன் என்ற அறிவிப்பை வெற்றியாக எழுதாதீர்கள். ஒப்புதல் வேறு, கட்டி முடித்த ஆலை வேறு. ஐந்தாம் ஆண்டில் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பதிவில் உள்ள தொழிலாளர்களின் வீட்டு முகவரியை மாவட்டவாரியாக எண்ணுங்கள்.