நாய் தள்ளாடுகிறது, படுத்த இடத்தில் சிறுநீர் சொட்டுகிறது: கஞ்சாவும் புகையும் உள்ள வீட்டில் செல்லப்பிராணியைக் காப்பது எப்படி

மத்தியானம் வரை ஓடித்திரிந்த நாய் திடீரென்று கால் பின்ன நடக்கிறது, நின்றபடியே முன்னும் பின்னும் ஆடுகிறது, கண்மணி விரிந்து கிடக்கிறது, தடவக் கையை நீட்டினால் அடிக்கப் போகிறோம் என்பதுபோலத் தலையை வெடுக்கென்று இழுக்கிறது, படுத்த இடத்தில் தன்னையறியாமல் சிறுநீர் விடுகிறது. ரொறன்ரோவில் இவையெல்லாம் சேர்ந்து வந்தால் மிருக வைத்தியர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "வீட்டில் யாராவது கஞ்சா பாவிக்கிறீர்களா?" என்பதுதான்.

கனடாவில் 2018 ஒக்டோபர் 17இல் கஞ்சா சட்டபூர்வமானது. ஒரு வருடம் கழித்துக் கம்மி என்ற ஜெலி மிட்டாய், சொக்லேட், பிஸ்கட் போன்ற கஞ்சாத் தின்பண்டங்களுக்கும் அனுமதி வந்தது. குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் ஒன்ராறியோ மிருக வைத்தியக் கல்லூரி ஆய்வாளர்கள் கனடா, அமெரிக்கா இரண்டிலும் உள்ள மிருக வைத்தியர்களிடம் விசாரித்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், சட்டம் வந்த பிறகு பிராணிகள் கஞ்சாவால் பாதிக்கப்பட்ட சம்பவங்கள் கூடியிருக்கின்றன, மிகப் பெரும்பாலும் நாய்கள்தான், அவையும் தின்பண்டத்தைத் தின்றுதான் மாட்டுகின்றன என்று வந்தது.

எங்கள் வீடுகளில் இதோடு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மகனோ மகளோ அறையில் கம்மி வைத்திருப்பது அம்மா அப்பாவுக்குத் தெரியாது. நாய்க்கு என்ன நடந்தது என்று தெரிந்த ஒரே ஆள் வாய் திறக்கப் பயந்து நிற்கும், மற்ற எல்லோரும் நாய்க்குப் பக்கவாதமோ என்று பதறிக்கொண்டிருப்பார்கள். அந்த மௌனத்தில் போகிற நேரம்தான் ஆபத்தானது. அதனால் பிள்ளைகளிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள்: நாய்க்கோ பூனைக்கோ ஏதாவது நடந்தால் உள்ளதை உள்ளபடி முதலில் சொல்லு, நான் உன்னோடு சண்டை பிடிக்க மாட்டேன். சொன்னால் அந்தச் சொல்லைக் காப்பாற்றவும் வேண்டும்.

வைத்தியரிடமும் அப்படித்தான். ஒன்ராறியோவில் 19 வயது வந்தவர் கஞ்சா வைத்திருப்பது குற்றமில்லை, மிருக வைத்தியர் பொலிஸும் இல்லை. மறைத்தால் அவருக்குச் சும்மா தெரிந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். மனிதர்களுக்கான சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டை நாய்களில் பலமுறை பிழையாக "இல்லை" என்றே காட்டும், ஏனென்றால் நாயின் உடல் கஞ்சாவை உடைக்கும் விதம் வேறு. அதைவிட முக்கியமானது, காருக்கு ஊற்றும் அன்டிஃப்ரீஸை நக்கிய நாயும் முதலில் குடித்தவனைப் போலவே தள்ளாடும். அன்டிஃப்ரீஸ் சிறுநீரகத்தை அழிக்கும், சில மணித்தியாலங்களுக்குள் மாற்று மருந்து போகாவிட்டால் காப்பாற்றுவது கஷ்டம், பூனைக்கு அவகாசம் இன்னும் குறைவு. நீங்கள் உண்மையைச் சொன்னால் வைத்தியர் சரியான பாதையில் போவார். சொல்லாவிட்டால் தலையை ஸ்கேன் பண்ணுவதா, இரத்தம் எடுப்பதா என்று நேரமும் உங்கள் காசும் போகும்.

உடனே செய்ய வேண்டியது

வாயில் மிச்சம் இருந்தால் எடுத்துவிடுங்கள், கடிக்கும்போல் இருந்தால் கையை விடாதீர்கள். பொதியைத் தேடி எடுத்துப் பையில் போடுங்கள், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, அதில் எத்தனை மில்லிகிராம் ரி.எச்.சி. என்று எழுதியிருக்கும். போதை தருவது அந்தப் பொருள்தான், வைத்தியர் கணக்குப் போடுவதும் அதை வைத்துத்தான். எத்தனை மணிக்குத் தின்றிருக்கலாம், நாயின் எடை எவ்வளவு, வேறு என்ன மருந்து எடுக்கிறது என்பதையும் குறித்துக்கொண்டு, வழக்கமான வைத்தியர் பூட்டியிருந்தால் 24 மணித்தியால அவசர மிருக வைத்தியசாலைக்கு அழையுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் விலங்குகளுக்கான நச்சு உதவி இணைப்புகள் இரண்டு இருக்கின்றன, ஏ.எஸ்.பி.சி.ஏ. (888-426-4435), பெட் பொய்சன் ஹெல்ப்லைன் (855-764-7661). இரண்டுக்கும் கனடாவிலிருந்தும் பேசலாம், இரண்டும் கட்டணம் வாங்கும், தமிழில் கதைக்க ஆளிருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், வீட்டில் ஆங்கிலம் நன்றாக வரும் ஒருவரிடம் தொலைபேசியைக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் பருக்குவது, தொண்டைக்குள் விரல் விடுவது இரண்டுமே ஆபத்து, உப்பே தனியாக நஞ்சாகிவிடும். தின்று கொஞ்ச நேரமே ஆகி, நாய் இன்னும் வழமைபோல் இருந்தால் வைத்தியர் மருந்து கொடுத்து வாந்தி எடுக்க வைப்பார். தள்ளாடத் தொடங்கிய பிறகு அதற்கான நேரம் போய்விட்டது. கஞ்சா குமட்டலை அடக்கும், அரை மயக்கத்தில் விழுங்கும் திறனும் குறையும், வெளியே வருவது நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகிவிடும். இதே காரணத்துக்காகத்தான் போதை இறங்கட்டும் என்று மனிதர்களுக்குச் செய்வதுபோல் தேசிக்காய்ப் புளி, மோர், பால் என்று எதையும் வாயில் ஊற்றக் கூடாது என்கிறேன். தலையில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம், கஞ்சா உட்கொண்ட நாயின் உடல் ஏற்கனவே குளிர்ந்துபோகும்.

வைத்தியசாலைக்குப் போகும்வரை தரையில் ஒரு போர்வை விரித்துப் படுக்கவிடுங்கள். கட்டிலிலும் சோபாவிலும் வேண்டாம், படிக்கட்டுப் பக்கமே விடாதீர்கள், கால் நிதானம் இல்லாமல் உருண்டு விழும். வெளிச்சத்தைக் குறைத்து, தொலைக்காட்சியை நிறுத்தி, பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். சிறு சத்தமும் அதைத் திடுக்கிட வைக்கும், திடுக்கிட்ட நாய் உங்களையே கடிக்கலாம்.

தின்ற பிறகு அறிகுறி தெரிய அரை மணியிலிருந்து ஒன்றிரண்டு மணித்தியாலம் ஆகும், புகை என்றால் அதைவிட விரைவு. பெரும்பாலான நாய்கள் ஒரு நாளுக்குள் எழுந்துவிடும், சிலவற்றுக்கு மூன்று நாள் வரை இழுக்கும், ரி.எச்.சி. கொழுப்பில் தங்கி மெதுவாகத்தான் வெளியேறும். வைத்தியசாலையில் நரம்பு வழியாகத் திரவம், உடலைச் சூடாக வைப்பது, வாந்திக்கு மருந்து, இதயத் துடிப்பைக் கவனிப்பது என்றுதான் சிகிச்சை, மோசமான நிலையில் கொழுப்புக் கரைசலை நரம்பில் ஏற்றுவார்கள். மரணம் அரிது. ஆனால் நடக்காததல்ல, கொலராடோவில் மருத்துவக் கஞ்சா கலந்த வெண்ணெயில் செய்த பலகாரம் தின்று இரண்டு நாய்கள் இறந்ததை மிருக வைத்தியர்கள் 2012இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

எழுப்பினாலும் எழும்பவில்லை, வலிப்பு வருகிறது, உடல் சில்லென்று இருக்கிறது, மூச்சு ஒழுங்கில்லை என்றால் தொலைபேசியில் நேரத்தைச் செலவழிக்காமல் காரில் ஏற்றுங்கள். பூனை, குட்டி, சின்ன இன நாய் என்றால் அறிகுறி இல்லாவிட்டாலும் உடனே அழையுங்கள். தின்றதில் சொக்லேட், முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை), சீனிக்குப் பதிலாகப் போடும் ஸைலிட்டோல் இருந்தாலும் அப்படித்தான். அந்த மூன்றும் கஞ்சா இல்லாமலே நாயைக் கொல்லக்கூடியவை.

எங்கிருந்து வாய்க்குப் போகிறது

கனடாவில் சட்டபூர்வமாக விற்கும் ஒரு தின்பண்டப் பொதியில் அதிகபட்சம் 10 மில்லிகிராம் ரி.எச்.சி.தான் இருக்கலாம். 70 கிலோ மனிதருக்கு அது கிலோவுக்கு 0.14 மில்லிகிராம். அதையே 3 கிலோ நாய் தின்றால் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல், இருபது மடங்குக்கும் கூட. போதாததற்கு நாயின் சிறுமூளையில் கஞ்சா ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் மிக அடர்த்தியாக இருக்கின்றன, அதனால்தான் அந்த விசித்திரமான ஆட்டம். கள்ளச் சந்தைப் பொதிகளில் இதைவிடப் பல மடங்கு இருக்கும், வீட்டில் வெண்ணெயில் காய்ச்சிச் செய்யும் பிரவுணியில் எவ்வளவு என்று செய்தவருக்கே தெரியாது.

சின்னப் பிள்ளை திறக்க முடியாத மூடி நாய்க்கு ஒரு பொருட்டே இல்லை, பிளாஸ்டிக்கைக் கடித்தே தின்றுவிடும். பூட்டக்கூடிய பெட்டி, அதுவும் உயரமான அலுமாரிக்குள். படுக்கைப் பக்க மேசை, பள்ளிப் பை, ஜக்கெட் பை, விருந்தாளியின் கைப்பை இவைதான் உண்மையில் நாய் தேடிக் கண்டுபிடிக்கும் இடங்கள். பிடித்து முடித்த துண்டையும் எண்ணெய் வடித்த சக்கையையும் திறந்த குப்பை வாளியில் போடாதீர்கள். ஒன்ராறியோவில் நடைபாதையிலும் பூங்காவிலும் பல இடங்களில் கஞ்சா பிடிக்கலாம் என்பதால் தெருவெல்லாம் துண்டு கிடக்கிறது, குளிர்காலம் முடிந்து பனி உருகும்போது ஒரேயடியாக வெளியே வரும். நடக்கும்போது நாய்க்கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள், "விடு" என்றால் வாயிலிருப்பதைப் போடப் பழக்குங்கள். என்னைக் கேட்டால் நகரத்து நாய்க்கு "இரு" என்பதைவிட அவசியமான கட்டளை இதுதான்.

புகையிலை கலந்து சுற்றிய துண்டு இரட்டை ஆபத்து, நிக்கொட்டின் வேகமாக வேலை செய்யும்: எச்சில் வடிதல், வாந்தி, நடுக்கம், வேகமான துடிப்பு. வேப் (மின்சிகரெட்) திரவத்தில் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் நிக்கொட்டின் வரை கனடாவில் அனுமதி, 30 மில்லிலிட்டர் குப்பியைக் கடித்து உடைத்தால் 600 மில்லிகிராம். இதற்கு வீட்டில் காத்திருக்கும் பேச்சே இல்லை.

வலிக்கு நல்லது என்று நாய்க்குக் கஞ்சா எண்ணெய் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். கனடாவில் செல்லப்பிராணிகளுக்கென்று அங்கீகரித்த கஞ்சா மருந்து எதுவும் இல்லை, உங்கள் எண்ணெயில் ரி.எச்.சி. எவ்வளவு என்பதும் சந்தேகம்தான். வயதான நாயின் மூட்டுவலிக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன, வைத்தியரிடம் அதைக் கேளுங்கள்.

புகை

அடைத்த அறையில், காரில் பிடிக்கும் கஞ்சாப் புகையே சின்னப் பிராணியைத் தள்ளாட வைக்கப் போதும். வேடிக்கைக்காக நாயின் முகத்தில் புகை ஊதுபவரை உங்கள் வீட்டில் அனுமதிக்காதீர்கள், அது கொடுமை, நண்பர் என்றாலும் சொல்லுங்கள்.

நீண்டகாலப் பாதிப்பைப் பற்றி நமக்குத் தெரிந்தது பெரும்பாலும் சிகரெட் புகையிலிருந்து வந்தது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2002இல் வெளியிட்ட ஆய்வில், சிகரெட் பிடிப்பவர் வீட்டுப் பூனைகளுக்கு லிம்ஃபோமா என்ற புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்ற வீட்டுப் பூனைகளைவிட 2.4 மடங்கு, ஐந்து வருடத்துக்கு மேல் புகையில் இருந்தவற்றுக்கு 3.2 மடங்கு. பூனை மூச்சில் இழுப்பதோடு நிற்பதில்லை, மயிரில் படிந்ததையும் நாளெல்லாம் நக்கி விழுங்குகிறது. நீள மூக்கு நாய்களுக்கு மூக்கிலேயே தங்கி மூக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்புக் கூடுகிறது. பூனை கழுத்தை நீட்டிக் குந்தியிருந்து இருமினால் மயிருருண்டை என்று விட்டுவிடாதீர்கள், ஆஸ்துமாவும் அப்படித்தான் இருக்கும்.

யன்னலைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே பிடிப்பது போதாது. காற்றுச் சுத்திகரிப்பான் தூளைப் பிடிக்கும், வாயுக்களை முழுசாக எடுக்காது, சுவரிலும் கம்பளத்திலும் ஒட்டியதை எடுக்கவே எடுக்காது. வெளியே போய்ப் பிடியுங்கள், உள்ளே வந்ததும் கை கழுவி மேற்சட்டையை மாற்றுங்கள், அதற்குப் பிறகு பூனையைத் தூக்குங்கள். படுக்கை விரிப்பையும் உணவுக் கிண்ணத்தையும் அடிக்கடி கழுவி, பூனையின் மயிரை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எங்கள் ஆட்களின் வீடுகளில் கீழே பேஸ்மென்டை வாடகைக்கு விட்டிருப்பார்கள், வீட்டைச் சூடாக்கும் ஒரே ஃபர்னஸ்தான் இரண்டு தளத்துக்கும் காற்றுத் தள்ளும். கீழே பிடித்தால் மேலே வரும். வீட்டுக்குள் எந்தப் புகையும் கூடாது என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஏற்கனவே குடியிருப்பவர் என்றால், "தம்பி, மேலே பூனைக்கு இருமல் வருகிறது, கொஞ்சம் வெளியே போய்ப் பிடியுங்கோ" என்று நேரே கேளுங்கள், நிறையப் பேர் மாறுவார்கள். கதவின் கீழ் இடைவெளியை அடையுங்கள், ஃபர்னஸ் வடிகட்டியை நேரத்துக்கு மாற்றுங்கள்.

லவ் பேர்ட்ஸ், கிளி வைத்திருப்பவர்களுக்கு விதி இன்னும் கடுமை. பறவையின் நுரையீரலோடு காற்றுப் பைகளும் சேர்ந்திருப்பதால் காற்றிலுள்ளது எதுவோ அது முழுசாக உள்ளே போகும். கஞ்சா, சிகரெட், வேப் மட்டுமில்லை, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் ஊதுபத்தியும் அதற்குப் புகைதான். சாமி அறைக்கும் சமையலறைக்கும் தூரமான அறையில் கூட்டை வையுங்கள், சாம்பிராணி போடும் நாளில் அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போடுங்கள். வாலை மேலும் கீழும் ஆட்டி, வாய் திறந்து மூச்சு விடும் பறவையை அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும். எல்லா மிருக வைத்தியரும் பறவை பார்ப்பதில்லை, பார்ப்பவர் யார் என்று முன்கூட்டியே விசாரித்து இலக்கத்தை எழுதி வையுங்கள்.