தக்காளிப் பூ கொட்டினால் உடனே மருந்து தேடாதீர்கள்

பூ கொட்டுவதைப் பார்த்ததும் நோய் என்று முடிவுகட்டி மருந்து வாங்க ஓடுவதுதான் பெரிய தவறு. முதலில் விழுந்த பூவின் காம்பைப் பாருங்கள். தக்காளிக் காம்பின் நடுவே முட்டி போல ஒரு மூட்டு உண்டு. அங்கே வெட்டியதுபோல் சுத்தமாகக் கழன்றிருந்தால், செடியே பூவை விட்டிருக்கிறது.

ஏன் விடுகிறது? சூல் பிடித்த பூவிலிருந்து ஆக்சின் என்ற ஹார்மோன் காம்பு வழியே இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த வரத்து நின்றால் மூட்டிலுள்ள செல்கள், உதிர்வைத் தூண்டும் வாயு ஹார்மோனான எத்திலீனின் பேச்சைக் கேட்கத் தொடங்கிவிடும். செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினை நொதிகள் கரைக்க, பூ விழும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களில் மகரந்தம் கெட்டுச் சூல் பிடிக்காமல் போவது சகஜம். இதற்குப் பூச்சிக்கொல்லி உதவாது. பூவை அதிரவைத்து மகரந்தம் உதிர்க்கும் தேனீ வகைகளைத்தான் அது கொல்லும்.

யூரியாவைக் கூட்டுவதும் வேண்டாம். தழை கொழுக்கும், பூ நிற்காது. மண்ணைக் காயவிட்டு அப்புறம் வெள்ளமாக ஊற்றுவதும் உதிர்வைத் தூண்டும்.

பிளானோபிக்ஸ் போன்ற என்ஏஏ மருந்துகள் செயற்கை ஆக்சின்கள்தான். சரியான அளவில் பலன் தரும். ஆனால் 'கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் நல்லது' என்ற நினைப்பு ஆபத்து. ஆப்பிள் தோட்டங்களில் முதிர்ந்த காய் விழாமலிருக்கவும், அதிகப் பிஞ்சுகளை உதிர்க்கவும் இதே என்ஏஏவைத்தான் தெளிக்கிறார்கள். பருவமும் அளவும் மாறினால் வேலையே தலைகீழாகும்.

மாமரத்தில் எல்லாப் பூவும் காயாகும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. நூற்றில் ஒன்றுகூடக் காயாகி நிற்பதில்லை. பல பூக்கள் ஆண் பூக்களே.

சரி, உதிராத ரகமே வாங்கிவிடலாமா? தக்காளியில் அந்த மூட்டை உருவாக்கும் ஜாயின்ட்லெஸ் மரபணுவை 2000இல் பிரித்தெடுத்தார்கள். அது பழுதானால் மூட்டே உருவாகாது. காலபகாஸ் தீவுகளின் காட்டுத் தக்காளியில் கிடைத்த இன்னொரு மரபணு மாற்றமும் மூட்டை நீக்கும். காம்பில்லாமல் பழம் கையோடு வருவதால் இயந்திர அறுவடைக்கு அது மிக வசதி. ஆனால் அந்த மாற்றம் பழைய ரகங்களில் இருந்த வேறொரு மாற்றத்துடன் சேர்ந்தால் பூங்கொத்து அளவுக்கு மீறிக் கிளைத்து, காய்ப்பு குறைகிறது என்பது 2017இல் தெரியவந்தது. மேலும், சூல் பிடிக்காத பூ மூட்டில்லாச் செடியிலும் காயாகாது. விழாமல் காம்பிலேயே காய்ந்துபோகும். எனவே கோடைக்கு விதை வாங்கும்போது, வெயிலிலும் காய்பிடிக்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள்.