டாகேரோடைப் கையில கிடைச்சா தயவுசெஞ்சு இதையெல்லாம் பண்ணாதீங்க

முதல்ல கையில இருக்குற துணியை கீழ வச்சிடுங்க. 1840கள்ல எடுத்த ஒரு டாகேரோடைப்பை, அதாவது வெள்ளி பூசுன தகட்டுல பதிஞ்ச பழைய போட்டோவை, ஈபேலயோ பழைய சாமான் கடையிலயோ வாங்கி, வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து, கண்ணாடி மங்கலா இருக்கேன்னு கழட்டி, உள்ள இருக்குற தகட்டை லேசா ஒரு துடை துடைச்சா அந்த முகம் போச்சு, திரும்ப வராது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம், இந்தப் பக்கம் புதுசா வர்றவங்க பண்ற தப்புல பெரும்பாலானது நல்லது பண்றதா நெனச்சு பண்றதுதான். அமெரிக்காவுல டாகேரியன் சொசைட்டின்னு ஒரு சங்கம் இருக்கு, 1988ல ஆரம்பிச்சது, சேகரிக்கிறவங்க, மியூசியம் ஆளுங்க, ஆராய்ச்சி பண்றவங்க, இன்னிக்கும் அதே பழைய முறையில படம் எடுக்குறவங்கன்னு எல்லாரும் அதுல இருக்காங்க, வருஷா வருஷம் கூட்டம் போடுறாங்க, ஆண்டு மலர் கொண்டு வர்றாங்க. அந்த மாதிரி ஆளுங்க ஒரு தகட்டை எப்படிக் கையாளுறாங்கன்னு பார்த்தாலே பாதி பாடம் முடிஞ்சிடும், ஏன்னா அவங்க பண்றதை விட பண்ணாம விடுறதுதான் அதிகம்.

ஏன் துடைக்கக்கூடாதுன்னா, அந்தப் படம் எதுல இருக்குன்னு பாருங்க. செப்புத் தகடு, அது மேல மெல்லிசா வெள்ளி, அதைக் கண்ணாடி மாதிரி பளபளன்னு பாலிஷ் பண்ணி, அயோடின் ஆவி காட்டி, கேமராவுல வச்சு எடுத்து, அப்புறம் பாதரச ஆவியில காட்டுனா படம் வெளிய வரும், இதுதான் 1839ல பாரிஸ்ல டாகேர்ங்கறவர் உலகத்துக்கு அறிவிச்ச முறை. வெளிச்சம் பட்ட இடத்துல வெள்ளியும் பாதரசமும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத அளவு துகளா உக்காந்திருக்கும், அவ்வளவுதான் படம். மேல வார்னிஷ் கிடையாது, ஒட்டிப் பிடிக்க ஒண்ணும் கிடையாது. 1840ல ஃபிஸோங்கறவர் கண்டுபிடிச்ச தங்கக் கரைசல் முறை வந்தப்புறம் கொஞ்சம் உறுதியாச்சு, ஆனாலும் வாசல்ல போட்ட கோலத்து மேல கை வச்சா என்ன ஆகுமோ அதேதான் இங்கயும் ஆகும். கன்னத்துலயும் உதட்டுலயும் லேசா சிவப்பு கலர் பொடி தூவியிருப்பாங்க பாருங்க, அது அதை விட லேசு. இதுக்கு நெகட்டிவும் கிடையாது, கேமராவுக்குள்ள போன அதே தகடுதான் உங்க கையில இருக்கு, அழிஞ்சா இன்னொரு பிரிண்ட் போட முடியாது.

டாகேர் தானே எடுத்த பாரிஸ் தெரு படம் ஒண்ணு இருக்கு, 1838ல எடுத்தது, ஷூ பாலிஷ் போட நின்ன ஒரு ஆள் மட்டும் அசையாம இருந்ததால பதிஞ்ச அந்தப் பிரபலமான படம். அதோட மூலத் தகடு ம்யூனிக்ல இருந்துச்சு, இருபதாம் நூற்றாண்டுல சுத்தம் பண்றோம்னு கை வச்சதுல படம் கிட்டத்தட்ட முழுசா போயிடுச்சு, இப்போ நம்ம எல்லாரும் பார்க்குறது அதுக்கு முன்னாடியே எடுத்து வச்ச காப்பியைத்தான். வெள்ளி பாத்திரத்துக்குப் போடுற திரவத்துல முக்குறதும் அதே கதைதான். அதுல இருக்குற தயோயூரியாவை ஒரு காலத்துல மியூசியங்களே நம்பிப் பயன்படுத்துனாங்க, எடுத்த உடனே தகடு புதுசு மாதிரி ஜொலிக்கும், வருஷம் போகப் போக அம்மை போட்ட மாதிரி புள்ளி புள்ளியா வர ஆரம்பிச்சிடும். இன்னிக்கும் யாராவது வீடியோ போட்டு "பாருங்க எப்படி பளிச்னு ஆகுது"ன்னு காட்டுனா நம்பாதீங்க. ஓரத்துல நீலமும் பழுப்புமா ஒரு வளையம் படர்ந்திருக்கும் பாருங்க, அது வெள்ளி கறுக்குறது, பல சேகரிப்பாளர்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும், எனக்கும்தான். அதை அழுக்குன்னு நெனைக்காதீங்க.

சரி, மங்கலா இருக்கேன்னா? பெரும்பாலும் மங்கல் தகட்டுல இருக்காது, கண்ணாடியில இருக்கும். அந்தக் காலத்துக் கண்ணாடி உள்பக்கம் வேர்த்த மாதிரி சின்னச் சின்ன துளியா கசியும், அந்தத் துளி தகட்டுல விழுந்தாலும் கெடுதல், அதனால அதை மாத்த வேண்டியதுதான், ஆனா மாத்துறது கன்சர்வேட்டர் வேலை, அதாவது பழைய பொருளைப் பாதுகாக்கத் தெரிஞ்ச நிபுணரோட வேலை. வெளிப்பக்கம் கிளீனர் ஸ்ப்ரே அடிக்காதீங்க, ஓரத்து இடுக்கு வழியா உள்ள இறங்கிடும்.

அடுத்தது சீல். தகடு, பித்தளை மேட் (படத்தைச் சுத்தி இருக்குற பித்தளைச் சட்டம்), கண்ணாடி மூணையும் சேர்த்து சுத்தி ஒரு காகித டேப் ஒட்டியிருப்பாங்க. அது பழசாகி பழுப்பா, அசிங்கமா இருக்கும், உடனே கிழிச்சுப் புதுசு ஒட்டணும்னு தோணும். கிழிக்காதீங்க. அந்த டேப் முழுசா இருந்தா, ஸ்டூடியோவுல மூடினதுக்கு அப்புறம் யாரும் உள்ள கை வைக்கலைங்கறதுக்கு அதுதான் பெரிய சாட்சி, விலையிலயும் அது தெரியும். ஏற்கனவே பிரிஞ்சு இருந்தா ஒவ்வொரு அடுக்கையும் எடுக்குறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வைங்க. பெட்டிக்குள்ள தகட்டுக்குப் பின்னாடி ஒரு துண்டுச் சீட்டுல பேர் எழுதியிருக்கலாம், தகட்டோட பின்பக்கம் கீறி எழுதியிருக்கலாம், தகட்டு மூலையில கம்பெனி முத்திரை இருக்கலாம், ஸ்கோவில்னு இருந்தா அமெரிக்கத் தகடு, 40ன்னு ஒரு எண் இருந்தா நாற்பதுல ஒரு பங்கு வெள்ளின்னு அர்த்தம். குப்பைன்னு நெனச்சுத் தூக்கிப் போட்ட சீட்டுலதான் அந்த ஆளோட பேரே இருந்திருக்கும், பேர் போச்சுன்னா அவர் யாருன்னு இனிமே யாருக்கும் தெரியாது.

பெட்டியை வச்சு வயசு சொல்றதும் தப்பு. நல்ல பெட்டி நல்ல படத்துக்குன்னு வியாபாரிங்க மாத்தி மாத்தி வச்சு வித்திருக்காங்க, 1840கள் தகடு 1850கள் பெட்டியில உக்காந்திருக்கும். அதே மாதிரி, கறுப்பு பிளாஸ்டிக் மாதிரி கெட்டியா அச்சு வேலைப்பாட்டோட ஒரு பெட்டி வருது, அதை கட்டாபெர்ச்சான்னு, அதாவது ஒரு வகை மரப்பால்ல செஞ்சதுன்னு போட்டு விப்பாங்க, உண்மையில அது அரக்கும் மரத்தூளும் சேர்ந்தது, அதுக்குப் பேர் யூனியன் கேஸ், 1854ல பேடன்ட் வாங்குனது.

பெட்டியில இருக்குறதெல்லாம் டாகேரோடைப்னு நம்பி காசு குடுக்குறது ரொம்ப சகஜம். சாய்ச்சுப் பாருங்க: ஒரு கோணத்துல உங்க முகமே தெரிஞ்சு, படம் நெகட்டிவா மாறுனா அது டாகேரோடைப். எப்படிச் சாய்ச்சாலும் மாறலைன்னா பெரும்பாலும் ஆம்ப்ரோடைப், அதாவது கண்ணாடியில எடுத்து பின்னாடி கறுப்பு வச்சது. பின்பக்கம் காந்தம் இழுத்தா டின்டைப், அது இரும்புத் தகடு. நம்ம ஊர் பழைய படத்தையும் இந்தப் பேர்ல சொல்றவங்க இருக்காங்க, லின்னேயஸ் ட்ரைப்ங்கற போட்டோகிராபர் 1858ல எடுத்த தஞ்சாவூர், மதுரை படங்கள் பெரும்பாலும் பேப்பர் நெகட்டிவ்ல எடுத்தது, டாகேரோடைப்பே கிடையாது.

இதுல படம் இடம் வலமா மாறித்தான் பதியும்ங்கறதை மறந்துட்டு ஆராய்ச்சி பண்றவங்களும் இருக்காங்க. டின்டைப்லயும் இதே கதைதான். பில்லி தி கிட்னு அமெரிக்காவுல ஒரு பிரபல கொள்ளைக்காரன், அவனோட டின்டைப் 2011ல 23 லட்சம் டாலருக்குப் போச்சு, அந்தப் படத்தைப் பார்த்து அவன் இடது கைக்காரன்னு எத்தனையோ வருஷம் நம்புனாங்க. கையில இருக்குற வின்செஸ்டர் துப்பாக்கியில தோட்டா போடுற ஓட்டை தப்பான பக்கம் இருக்கேன்னு கவனிச்சவங்கதான் படம் திரும்பியிருக்குன்னு சொன்னாங்க. அதனால சட்டை பட்டன், மோதிரம், கடைப் பலகை எழுத்து எல்லாத்தையும் திருப்பிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

எனக்கு ரொம்பக் கோவம் வர்ற தப்பு ஒண்ணு இருக்கு, உயிரோட இருந்த ஆளை பிணம்னு சொல்றது. படத்துல ஆளோட காலுக்குப் பின்னாடி ஒரு இரும்பு ஸ்டாண்ட் அடிப்பாகம் தெரிஞ்சா உடனே "செத்த உடம்பை நிக்க வச்சு எடுத்தது"ன்னு தலைப்பு போட்டு விலை ஏத்துறாங்க. அந்த ஸ்டாண்ட் உயிரோட இருக்குறவங்க தலை ஆடாம இருக்க வச்சது, ஏன்னா நிறைய செகண்ட் அசையாம நிக்கணும், கொஞ்சம் ஆடுனாலும் முகம் கலங்கிடும். ஒரு பிணத்தோட எடையை அது தாங்கவே தாங்காது. இறந்தவங்களை எடுத்த படங்கள் நிஜமாவே நிறைய இருக்கு, அதுல பெரும்பாலும் குழந்தைங்க, கட்டில்லயோ அம்மா மடியிலயோ தூங்குற மாதிரி படுத்திருப்பாங்க. அந்தத் துக்கத்தை மதிக்கிறவங்க, வெறிச்சுப் பார்க்குற ஒவ்வொரு முகத்தையும் பிணமாக்க மாட்டாங்க. "இது லிங்கன் மாதிரியே இருக்கு"ன்னு ஜாடையை மட்டும் வச்சு வாங்குறதும் வேண்டாம், படம் யார்கிட்ட இருந்து யார்கிட்ட வந்துச்சுன்னு காட்ட முடியலைன்னா மூக்கு ஒத்துப்போறது சாட்சி ஆகாது.

படத்தை ஸ்கேனர்ல கவுத்து வைக்காதீங்க, பெட்டியோட தோல் கீல் அங்கதான் கிழியும். கறுப்புத் துணியில ஓட்டை போட்டு கேமரா லென்ஸை அதுக்குள்ள விட்டு, வெளிச்சம் பக்கவாட்டுல இருந்து வர்ற மாதிரி எடுத்தா தகட்டுல துணியோட கறுப்பு பிரதிபலிச்சு முகம் தெளிவா நிக்கும். அப்புறம் ஒரு நல்ல லூப், அதாவது கண்ணுல வச்சுப் பார்க்குற பூதக்கண்ணாடி வாங்குங்க, துணிக்குப் பதிலா அதுக்குச் செலவு பண்ணுங்க. 1848ல ஃபான்டெய்ன், போர்ட்டர்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல சின்சினாட்டி ஊர் ஆத்தங்கரையை எட்டு தகட்டுல எடுத்தாங்க, அதை மைக்ரோஸ்கோப்ல வச்சுப் பார்த்தப்போ வெறும் கண்ணுக்குப் புள்ளியா இருந்த கோபுரக் கடிகாரத்துல மணி என்னன்னு படிக்க முடிஞ்சுது. உங்க தகட்டுலயும் சட்டையோட தையல், கைநகம், கண்ணுக்குள்ள ஸ்டூடியோ ஜன்னல் எல்லாம் இருக்க வாய்ப்பு இருக்கு, கண்ணாடிக்கு வெளிய இருந்தே பார்க்கலாம், எதையும் திறக்க வேண்டியதில்லை.