பிரிண்டரைக் காணவில்லை: டெபியன் மேம்படுத்தலில் என் அனுபவம்

சத்துவாச்சாரியில் தம்பி நடத்தும் ஜெராக்ஸ் கடைக் கணினியின் இயங்குதளமான டெபியனைப் பதிப்பு 10-லிருந்து 11-க்கு நான்தான் மாற்றினேன். டிஸ்க்கில் இடம் குறைவு. அதனால் 'பரிந்துரைக்கப்படும்' மென்பொருள் தொகுப்புகள் வேண்டாம் என்று, டெபியனில் மென்பொருள்களை நிறுவித்தரும் கருவியான ஆப்டிடம் சொல்லிவிட்டேன். மறுவாரம் அவன் வாங்கிய புது யூஎஸ்பி பிரிண்டரைக் கணினி கண்டுகொள்ளவே இல்லை. ஹால்டிக்கெட் எடுக்க வந்த பிள்ளைகள் காத்து நிற்க, எனக்கு மனசே கேட்கவில்லை.

தேடியதில் சிக்கியது ஐபிபி-யூஎஸ்பி என்ற சின்னத் தொகுப்பு. 2021-இல் வந்த டெபியன் 11-இல் புதிதாகச் சேர்ந்தது. தனி டிரைவர் இல்லாமலே அச்சிட வைக்கும். அச்சு வேலையைப் பார்க்கும் கப்ஸ் அதைப் பரிந்துரைக்க மட்டுமே செய்கிறது, கட்டாயப்படுத்துவதில்லை. அதை நிறுவி, கேபிளைப் பிடுங்கிச் செருகியதும் தாள் வந்தது.

டெபியனில் 'பரிந்துரை' என்றால் பெரும்பாலோருக்குத் தேவை என்றே பொருள். இப்போதெல்லாம் ஆப்ட் காட்டும் அந்தப் பட்டியலை ஒவ்வொன்றாகப் படித்த பிறகுதான் 'சரி' கொடுக்கிறேன்.