தேதியும் பர்த்டேவும் இங்கிலீஷ்ல பேச வைக்கறது எப்படி? கிழிச்ச காலண்டர் தாள்ல இருந்து ஆரம்பிங்க

புதுசா இங்கிலீஷ் கத்துக்க வர்றவங்களுக்கு தேதி சொல்லித்தரணும்னா நம்மள்ல முக்கால்வாசி பேரு பண்றது ஒண்ணுதான், போர்டுல ஃபர்ஸ்ட்ல இருந்து தர்ட்டிஃபர்ஸ்ட் வரைக்கும் வரிசையா எழுதிப்போட்டு நாளைக்கு மனப்பாடம் பண்ணிட்டு வாங்கன்னு அனுப்பிடறது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில மாடியில கிளாஸ் ஆரம்பிச்சப்போ முதல் பேட்ச்சுக்கு நானும் அப்படித்தான் பண்ணேன். மறுநாள் எல்லாரும் அழகா ஒப்பிச்சாங்க. ஆனா "உங்க பர்த்டே எப்போ"ன்னு கேட்டா ஃபர்ஸ்ட், செகண்ட், தர்ட்னு விரல் விட்டு எண்ணிக்கிட்டே வந்து பதினேழுல நிறுத்தி "செவன்டீன்த்"னு சொல்றாங்க. வாய்ப்பாடு மாதிரி தலையில உக்காந்துடுச்சு, நடுவுல இருந்து தனியா எடுக்க வரல. அதுக்கப்புறம் அந்த லிஸ்ட்ட நான் போர்டுல எழுதினதே இல்ல.

முதல்ல கிளாஸ்ல இருக்கறவங்களுக்கு ஒண்ணு புரிய வைங்க, இது புது விஷயமே இல்ல, நம்ம தமிழ்லயே இருக்கு. அஞ்சு ரூபா, அஞ்சு பேருன்னு சொல்ற நாம தேதிக்கு மட்டும் அஞ்சாம் தேதின்னு ஒரு "ஆம்" சேத்துக்கறோம் இல்ல, அந்த "ஆம்"தான் இங்கிலீஷ்ல "த்". ஆறாம், சிக்ஸ்த். ஏழாம், செவன்த். பத்தாம், டென்த். இத சொன்ன உடனே முகத்துல ஒரு தெளிவு வரும் பாருங்க, அதுக்காகவே இத முதல்ல சொல்லணும். அப்ப ஒண்ணுக்கு ஏன் ஒன்த்னு வரலன்னு கண்டிப்பா யாராவது கேப்பாங்க. ஒண்ணாந்தேதிய நாம முதல் தேதின்னும் சொல்றோம், அந்த "முதல்"ல ஒண்ணுங்கற சத்தம் எங்கயாவது இருக்கா? ஃபர்ஸ்ட்டும் அப்படித்தான். செகண்ட், தர்ட் ரெண்டையும் அது கூடவே குடுத்துடுங்க. மாசத்துல இருக்கற 31 தேதியில 1, 2, 3, 21, 22, 23, 31 இந்த ஏழுதான் வேற மாதிரி முடியும், மீதி 24ம் "த்"துலதான் முடியும். ஏழுதான்னு எண்ணிக்கையா சொன்னீங்கன்னா பயம் பாதி போயிடும். 11, 12, 13 அந்த ஏழுல சேராதுங்கறத மட்டும் ஒரு தடவ அழுத்தி சொல்லிடுங்க, லெவன்ஃபர்ஸ்ட்னு சொல்றவங்க நிறைய பேரு.

இப்ப காலண்டர் தாள். நம்ம வீடுங்கள்ல கிழிக்கிற காலண்டர் இல்லாத வீடு உண்டா, மளிகைக் கடையில குடுத்ததோ நகைக்கடையில குடுத்ததோ ஒண்ணு சுவத்துல தொங்கும். கிழிச்ச தாள தூக்கிப் போடாம ஒரு மாசத்துக்கு சேத்து வைங்க, 31 நாள் இருக்கற மாசமா பாத்துக்கோங்க. அட்டை வாங்கி வெட்டி நம்பர் எழுதற வேலையே வேண்டாம், நடுவுல பெருசா தேதி, மேல மாசம், கிழமை, ஓரத்துல தமிழ் மாசம் தேதி, கீழ ராகு காலம் எமகண்டம் எல்லாம் அதுலயே இருக்கு, ஞாயித்துக்கிழமை செவப்புல இருக்கும். கலைச்சுப்போட்டு ஆளுக்கு ஒண்ணா குடுங்க. தாள நெஞ்சுக்கு நேரா புடிச்சு அவங்க தேதிய அவங்களே சொல்லணும், அவ்ளோதான். அடுத்த ரவுண்டுல பக்கத்துல இருக்கறவரு தாள மாத்திக்கணும். வரிசையே இல்லாததால எண்ணிக்கிட்டு வர வழியில்ல, அந்த ஒரு நம்பர மட்டும்தான் மூளை தேடணும். பத்து நிமிஷம் போதும், ஆனா தினமும் பண்ணுங்க.

இங்கயே கிழமையையும் தேதியையும் பிரிச்சுடலாம். "வாட் டே இஸ் இட்"னா கிழமை, "வாட்ஸ் தி டேட்"னா தேதி. தமிழ்ல நாம இத குழப்பிக்கறதே இல்ல, இங்கிலீஷ்ல டே, டேட்னு ரெண்டு சத்தமும் கிட்டக்கிட்ட இருக்கறதாலதான் தடுமாறுது. தாள்ல கிழமை மேல விரல வச்சு டே, பெரிய நம்பர் மேல விரல வச்சு டேட், விரல் காட்டியே கேளுங்க.

சத்தத்துக்கு கொஞ்சம் நேரம் செலவு பண்ணித்தான் ஆகணும், இத அவசரமா தாண்டாதீங்க. நம்ம வாய்க்கு கடைசியில ஒரு "உ" போட்டே பழக்கம், பஸ்ஸு, கேக்கு மாதிரி ஃபிப்த்து, பர்த்துன்னு வந்துடும். நாக்கு நுனிய பல்லு ரெண்டுக்கும் நடுவுல லேசா வச்சு காத்த மட்டும் வெளிய விடச் சொல்லுங்க, உள்ளங்கைய வாய்க்கு முன்னாடி வச்சுக்கிட்டா காத்து படறது தெரியும். ஃபிஃப்த், ட்வெல்ஃப்த் ரெண்டும்தான் ரொம்ப கஷ்டம், ட்வெல்ஃப்த்ல மூணு சத்தம் ஒட்டிக்கிட்டு வருது. "ட்வெல்"னு சொல்லி நிறுத்தி, கீழ் உதட்ட பல்லால புடிச்சு, அப்புறம் நாக்கு. மெதுவா மூணு படியா. அப்புறம் 13, 30 சண்டை. தர்ட்டீன்த்ல அழுத்தம் பின்னாடி "டீன்"ல விழும், தர்ட்டியத்ல முன்னாடி "தர்"லயே விழுந்துடும். நான் மேஜைய தட்டியே சொல்லித்தருவேன், அழுத்தம் வர்ற இடத்துல ஒரு தட்டு. 14க்கும் 15க்கும் அதே தட்டுதான். ஹோட்டல்ல வேலை பாக்கறவங்களுக்கு இது உயிர் பிரச்சனை மாதிரி, கெஸ்ட் தர்ட்டீன்த் வரைக்கும் தங்கறேன்னு சொன்னத தர்ட்டியத்னு எழுதிட்டா ரூம் கணக்கே மாறிடும்.

மாசம் பேரு பத்தி பெருசா ஒண்ணும் வேண்டாம், பன்னெண்டும் எல்லாருக்கும் ஏற்கனவே தெரியும். ஜூலைய "ஜுலாய்"னு பின்னாடி அழுத்தி சொல்லணும், பிப்ரவரிய "ஃபெப்"ல தொடங்கணும், அது போதும்.

நம்ம ஆளுங்க நிஜமா தடுக்கி விழற இடம் ஆன், இன். காரணம் சிம்பிள். தமிழ்ல எல்லாத்துக்கும் ஒரே "ல"தான். மே மாசத்துல, தொண்ணூத்தெட்டுல, பத்தாம் தேதியில. கிழமைக்கு அதுவும் கூட கிடையாது, திங்கக்கிழமை வரேன்னு மொட்டையா சொல்லிடுவோம். இங்கிலீஷ்ல இந்த ஒரே "ல" ரெண்டா பிரியுது, காலண்டர்ல ஒரே ஒரு தாள கிழிச்சு கையில எடுக்க முடியும்னா ஆன், ஒரு தாள்ல அடங்காம கட்டா இருந்தா இன். ஆன் மண்டே, ஆன் தி டென்த், ஆன் மை பர்த்டே. இன் மே, இன் நைன்டீன் நைன்டிஎயிட். இத வாயால விளக்கறத விட, நெஜமாவே ஒரு தாள காட்டி "ஆன்"னும் ஒரு மாச தாள கத்தையா தூக்கிக் காட்டி "இன்"னும் சொல்லுங்க, நான் பாத்தவரைக்கும் யாரும் மறக்கறதில்ல. ஒரு நாள் ஒரு அக்கா தப்பா "இன் ஃப்ரைடே"ன்னு சொல்லிட்டு, தானே காத்துல ஒரு தாள கிழிக்கற மாதிரி கைய இழுத்து "ஆன் ஃப்ரைடே"ன்னு திருத்திக்கிட்டாங்க. அந்தக் கை அசைவு அன்னைக்கு முழுக்க என் கண்ணுலயே நின்னுச்சு.

வருஷம் சொல்லும்போது ஒன் தௌசண்ட் நைன் ஹண்ட்ரட்னு ஆரம்பிப்பாங்க, ஏன்னா தமிழ்ல ஆயிரத்தித் தொள்ளாயிரத்துன்னுதான் வரும். ரெண்டு ரெண்டா வெட்டச் சொல்லுங்க, 19, 54. நைன்டீன் ஃபிஃப்டிஃபோர். 2000ல இருந்து 2009 வரைக்கும் டூ தௌசண்ட்னு தொடங்கலாம், அதுக்கப்புறம் ட்வென்டி லெவன், ட்வென்டி ட்வென்டிஃபோர்னு மறுபடியும் ரெண்டா வெட்டிக்கலாம்.

எதை வச்சு பேச வைக்கறது? புத்தகத்துல இருக்கற யாரோ ஒருத்தரோட பர்த்டேவ வச்சு வேண்டாம், நம்ம ஊருலயே தேதிக்கு பஞ்சமில்ல. புதுச்சேரிக்காரங்களுக்கு ஆகஸ்ட் 15க்கு மறுநாளும் லீவு, 1962 ஆகஸ்ட் 16தான் பிரெஞ்சுக்காரங்க சட்டப்படி ஊர இந்தியாவுக்கு குடுத்த நாள். நிர்வாகம் கைமாறினது அதுக்கு முன்னாடியே 1954 நவம்பர் 1, அன்னைக்கும் லீவு. கீழூர்ல ஓட்டுப்போட்டது அதே வருஷம் அக்டோபர் 18, மக்கள் பிரதிநிதிங்க 178 பேருல 170 பேரு இந்தியாவோட சேரணும்னு ஓட்டு போட்டாங்க. பாரதிதாசன் பொறந்தது 1891 ஏப்ரல் 29. ஆரோவில் தொடங்கினது 1968 பிப்ரவரி 28. அரவிந்தர் ஆசிரமத்துல அன்னை பிறந்தநாள் பிப்ரவரி 21, அரவிந்தர் பிறந்தநாள் ஆகஸ்ட் 15ங்கறதால சுதந்திர தினத்தோட சேந்து ஒரே தேதியில ரெண்டு விசேஷம். ஜூலை 14 பிரெஞ்சு தேசிய நாளும் இங்க கொண்டாடுவாங்க. இத எல்லாம் கேள்வியா மாத்துங்க. "வென் இஸ் பாரதிதாசன்ஸ் பர்த்டே?" "இட்ஸ் ஆன் தி ட்வென்டிநைன்த் ஆஃப் ஏப்ரல்."

என் கிளாஸுக்கு கடலூர் தேவனாம்பட்டினத்துல இருந்து தினமும் பஸ் புடிச்சு வந்து இங்க கெஸ்ட் ஹவுஸ்ல வேலை பாக்கற ஒரு தம்பி வந்தாரு. லீவு பத்தி பேசிக்கிட்டு இருந்தப்போ புதுச்சேரி அக்கா ஒருத்தங்க "ஆன் தி சிக்ஸ்டீன்த் ஆஃப் ஆகஸ்ட், ஹாலிடே"ன்னாங்க, இவரு உடனே "நாட் இன் கடலூர்"னாரு. எழுதிக் குடுக்காம தானா வந்த பேச்சு அது. பக்கத்துப் பக்கத்து ஊருக்கு வேற வேற லீவு இருக்கறது எவ்ளோ நல்ல பாடம்னு அன்னைக்குத்தான் எனக்கு தோணுச்சு. இதே தம்பி அதுக்கு முன்னாடி ரெண்டு வாரமா ஒரு முழு வாக்கியம் சொன்னதில்ல. மறக்க முடியாத ஒரு தேதி சொல்லுங்கன்னு பொதுவா கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "இட் வாஸ் ஆன் சண்டே, ஆன் தி ட்வென்டிசிக்ஸ்த் ஆஃப் டிசம்பர், டூ தௌசண்ட் ஃபோர்"னு சொன்னாரு. ஒரு தப்பு இல்ல. கிளாஸ்ல யாரும் எதுவும் கேக்கல. நானும் மேல கேக்காம "தேங்க் யூ தம்பி"ன்னு மட்டும் சொன்னேன். கடற்கரை ஊருங்கள்ல சுனாமி தேதிய நீங்களா எடுக்காதீங்க, அவங்களா சொன்னா கேட்டுக்கோங்க. தானே புயல் அப்படியில்ல, 2011 டிசம்பர் 30 அன்னைக்கு கரண்டு போனதுல இருந்து பலா மரம் முந்திரி மரம் சாஞ்ச வரைக்கும் ஆளுக்கு ஆள் பேசுவாங்க, பேசட்டும்.

பர்த்டேன்னு வரும்போது ஒரு தப்பு எல்லாருக்கும் வரும், "ஐ பார்ன் இன்". தமிழ்ல பொறந்தேன்னு ஒரே சொல்லுல முடிஞ்சுடுது இல்ல, அதனால அந்த "வாஸ்" எங்க இருந்து வருதுன்னு புரியாது. இலக்கணம் விளக்காதீங்க, "ஐ வாஸ் பார்ன்" மூணையும் ஒட்டி ஒரே வார்த்தை மாதிரி பழக்குங்க. சின்னப் பசங்கன்னா ஸ்கூல்ல பர்த்டேக்கு கலர் டிரெஸ் போட்டுக்கிட்டு சாக்லேட் டப்பாவோட கிளாஸ் கிளாஸா போறத நடிக்கச் சொல்லுங்க. "டுடே இஸ் மை பர்த்டே மிஸ்", "ஓ, ஹேப்பி பர்த்டே, ஹௌ ஓல்ட் ஆர் யூ?", "ஐ ஆம் செவன்." ஒரு டப்பா நெஜ சாக்லேட் இருந்தா இன்னும் நல்லது. பெரியவங்களுக்கு மட்டும் வயசு கேக்கற கேள்விய பத்தி ஒரு வார்த்தை சொல்லிடுங்க, நாம பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்க கிட்ட கூட வயசு கேட்டுடுவோம், வெளிநாட்டு கெஸ்ட் கிட்ட அப்படி கேக்கக் கூடாது.

இன்னொண்ணு, இது எனக்கு ரொம்ப முக்கியமா படுது. அம்பது வயசுக்கு மேல வர்றவங்கள்ல பல பேருக்கு நிஜமான பொறந்த தேதி தெரியாது. ஸ்கூல்ல சேக்கும்போது வாத்தியார் போட்ட தேதி ஒண்ணு, ஆதார்ல ஜனவரி 1ன்னு இருக்கும், அம்மா சொன்னது ஆடி மாசம் வெள்ளிக்கிழமைன்னு மட்டும் இருக்கும். கிளாஸ்ல வரிசையா "வென் இஸ் யுவர் பர்த்டே"ன்னு கேட்டுக்கிட்டு வரும்போது அவங்க குனிஞ்சுக்கறத நான் பாத்திருக்கேன். அதனால முதல் நாளே அவங்களுக்கும் சேத்து வாக்கியம் குடுத்துடுங்க. "ஐ வாஸ் பார்ன் இன் ஆடி." "ஐ வாஸ் பார்ன் ஆன் எ ஃப்ரைடே." "இன் மை ஆதார், இட்ஸ் தி ஃபர்ஸ்ட் ஆஃப் ஜேனுவரி." மூணும் சரியான இங்கிலீஷ், மூணுலயும் ஆன், இன் பயிற்சியும் இருக்கு. நட்சத்திரம் சொல்ல ஆசைப்பட்டா "மை ஸ்டார் இஸ் ரோகிணி"ன்னு சொல்லட்டும்.

வேலைக்காக கத்துக்கறவங்களுக்கு கடைசியா ஒரு பயிற்சி. புதுச்சேரியோட பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுன் பக்கம் கெஸ்ட் ஹவுஸ்ல இருக்கறவங்க, வெளிநாட்டுக்காரங்க வந்தா அவங்க விவரத்த அரசாங்கத்துக்கு தெரிவிக்கற ஃபார்ம் போடணும், பொறந்த தேதி, பாஸ்போர்ட் தேதி, விசா தேதின்னு எல்லாம் தேதி மயம். அமெரிக்காக்காரங்க மாசத்த முன்னாடி எழுதுவாங்க, ரெஜிஸ்டர்ல 05/08னு அவரு எழுதினா அது மே 8, நாம படிச்சா ஆகஸ்ட் 5. இந்தக் குழப்பத்துக்கு ஒரே மருந்து வாய்விட்டு கேக்கறதுதான், "இஸ் தட் தி எய்ட்த் ஆஃப் மே, சார்?" தேதி 12க்கு மேல இருந்தா தானா தெரிஞ்சுடும், 12க்குள்ள இருந்தா கேட்டே ஆகணும். ரெண்டு பேர எதிரும் புதிருமா உக்கார வைங்க, ஒருத்தர் கெஸ்ட், ஒருத்தர் ரிசப்ஷன். கெஸ்ட் கையில காலண்டர் தாள் ரெண்டு, ஒண்ணு வந்த நாள், ஒண்ணு போற நாள். ரிசப்ஷன்ல இருக்கறவர் தாள பாக்காம "வென் ஆர் யூ செக்கிங் அவுட்?"னு கேட்டு காதால கேட்டத நோட்டுல எழுதணும். எழுதி முடிச்சதும் தாளையும் நோட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. ஒத்துப் போகலன்னா, எந்த சத்தத்துல மாறுச்சோ அதுக்கு மேஜைய ஒரு தட்டு தட்டிட்டு மறுபடியும் கேக்கச் சொல்லுங்க.