எடுக்காத அழைப்புக்கும் காசு போகும்: ரோமிங்கில் நம் ஊர்க்காரர்கள் செய்யும் தவறுகள்

“தம்பி, எம் மகன் துபாயில அந்தப் போனையே எடுக்கல. எடுக்காத காலுக்கு எப்படிக் காசு புடிப்பாங்க?”

கீழக்கரையில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் எனக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. கேட்ட லாத்தா (எங்கள் ஊரில் அக்காவை அப்படித்தான் அழைப்போம்) நீட்டிய மகனின் பில்லில் ஒரே நேரத்துக்கு இரண்டு வரிகள். ஒன்று துபாய்க்கு வந்த அழைப்பு, இன்னொன்று துபாயிலிருந்து இந்தியாவுக்குப் போன அழைப்பு. பையன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆனாலும் பில் சரிதான்.

நம்மை அழைக்கிறவரின் அழைப்பு, நாம் இருக்கும் இடத்தைத் தேடி நேராக வந்துவிடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி வருவதில்லை. எங்கே இருந்தாலும் அழைப்பு முதலில் நம் சொந்த கம்பெனியின் வாசலுக்குத்தான் போகும். அங்கே ஹெச்.எல்.ஆர். என்று ஒரு பதிவேடு இருக்கிறது. துபாயில் இறங்கி போனை ஆன் செய்ததும் அங்குள்ள நெட்வொர்க் சிம்முக்குள் இருக்கும் எண்ணைப் படிக்கும். 404 அல்லது 405 என்று தொடங்கினால் இந்திய சிம். உடனே இந்தியாவுக்குத் தகவல் போகும்: இந்த ஆள் இப்போது எங்களிடம் இருக்கிறார். பதிவேடு அதைக் குறித்துக்கொள்ளும்.

பிறகு ஊரிலிருந்து யாராவது அழைத்தால், இங்குள்ள எக்ஸ்சேஞ்ச் பதிவேட்டைக் கேட்கும். பதிவேடு துபாயைக் கேட்கும். துபாய் நெட்வொர்க் அந்த ஒரு அழைப்புக்கு மட்டும் ஒரு தற்காலிக எண்ணைக் கொடுக்கும், டோக்கன் மாதிரி. அழைப்பு அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு கடல் தாண்டும். போய்ச் சேர்ந்ததும் டோக்கன் அடுத்தவருக்கு. இத்தனையும் ரிங் கேட்பதற்குள் முடிந்துவிடும். 4ஜி வழியாகவே பேசும் புதிய வோல்ட்இ ரோமிங்கில் டோக்கன் வேலை இல்லை, ஆனால் அங்கேயும் அழைப்பு முதலில் தாய்வீட்டுக்கு, அதாவது நம் சொந்த கம்பெனிக்குத்தான் வருகிறது.

இன்கமிங் இலவசம் என்று நினைப்பது முதல் தவறு. ராமநாதபுரத்திலிருந்து அழைப்பவருக்கு நீங்கள் துபாயில் இருப்பது தெரியாது, அவர் உள்ளூர் அழைப்புக்கு உண்டானதைத்தான் கொடுப்பார். கடல் தாண்டுகிற தூரத்துக்கான காசு உங்கள் கணக்கில். கேரளாவில் இருக்கும்போது இப்படி எதுவும் பிடிக்கவில்லையே என்பார்கள். உள்நாட்டு ரோமிங்கை இன்றைய திட்டங்கள் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. அந்தப் பழக்கத்தை வெளிநாட்டுக்கும் கொண்டுபோவதால் வருகிற வினை.

லாத்தா வீட்டில் நடந்தது இதைவிட வேடிக்கை. புறப்படும் முன் பையன், “நான் எடுக்கலேன்னா வாப்பா நம்பருக்குப் போகட்டும்” என்று அப்பாவின் எண்ணுக்குக் கால் ஃபார்வர்டிங் போட்டிருக்கிறான். ‘எடுக்கவில்லை’ என்பது துபாயில் மணி அடித்து முடிந்த பிறகுதானே தெரியும்? அதற்குள் அழைப்பு அங்கே போய்விட்டது. துபாய் எக்ஸ்சேஞ்ச் அதை வாப்பா நம்பருக்கு, அதாவது கீழக்கரைக்கே, திருப்பி அனுப்பியது. அழைத்தவரும் பேசிய வாப்பாவும் ஒரே தெரு. பேச்சு மட்டும் துபாய் போய் வந்தது. போக ஒரு கட்டணம், வர ஒரு கட்டணம், இரண்டும் மகன் தலையில். வாய்ஸ்மெயில் வைத்திருந்தாலும் இதே கதைதான். இந்த ஃபார்வர்டிங் இருக்கும்போது, காசு மிச்சம் என்று நினைத்து அழைப்பைக் கட் செய்தாலும் அது திரும்பி ஊருக்கு ஓடலாம்.

வழி இருக்கிறது. ‘எடுக்காவிட்டால்’, ‘பிஸியாக இருந்தால்’ வகை ஃபார்வர்டிங்கை எல்லாம் ஊரிலேயே நீக்கிவிட்டுப் புறப்படுங்கள். வாப்பாதான் பேச வேண்டுமென்றால் ‘எல்லா அழைப்பும்’ என்று போடுங்கள். அப்போது தாய்வீட்டுப் பதிவேடே அழைப்பைத் திருப்பிவிடும், கடல் தாண்டாது. போனின் கால் செட்டிங்ஸுக்குள் போய் நீங்களே செய்யுங்கள். யாரோ போனில் சொல்லும் குறியீட்டை அழுத்தாதீர்கள். *401# போன்ற ஃபார்வர்டிங் குறியீடுகளை வைத்து மோசடி பெருகியதால்தான் தொலைத்தொடர்புத் துறை 2024 ஏப்ரல் 15 முதல் அந்த வசதியை நிறுத்தச் சொன்னது.

விமானம் ஏறாமலே ரோமிங்கில் மாட்டுகிறவர்களும் உண்டு. தனுஷ்கோடியின் கோடியான அரிச்சல்முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னார் சுமார் முப்பது கிலோமீட்டர்தான். பழைய 2ஜி டவரே கணக்குப்படி 35 கிலோமீட்டர் வரை பேசக்கூடியது. நடுவில் மறைக்க மலையா, கட்டிடமா? வெறும் தண்ணீர். நம் சிக்னல் போனதும் இலங்கை நெட்வொர்க் போனைப் பிடித்துக்கொள்ளும். வேறு நாட்டு எல்லையில் கடிகாரமாவது குதித்துக் காட்டிக்கொடுக்கும். இலங்கை 2006 ஏப்ரலில் நம் நேரத்துக்கே வந்துவிட்டதால் இங்கே அந்தத் துப்பும் இல்லை. வரவேற்பு மெசேஜ் வந்தால் உண்டு.

சர்வதேச ரோமிங் திறக்காத சிம்முக்குப் பயமில்லை. இலங்கை கேட்டாலும் தாய்வீடு மறுத்துவிடும். விடுமுறைக்கு வந்திருக்கும் சபராளிகள், அதாவது வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். வளைகுடாவில் இருந்தபோது திறந்த ரோமிங் அப்படியே இருக்கும், போன் தனுஷ்கோடியில் படம் எடுத்துக்கொண்டிருக்கும், பதிவேட்டில் நீங்கள் இலங்கையில் இருப்பீர்கள். டேட்டா ரோமிங்கை அணையுங்கள். நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து எடுத்து உங்கள் கம்பெனியை நீங்களே தேர்ந்தெடுங்கள். திரும்பி வரும்போது சிக்னல் இருந்தும் போன் அக்கரையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால், ஏரோபிளேன் மோடைப் போட்டு எடுங்கள்.

கடைசியாக, கடலுக்குப் போனவர்களின் வீடுகளில் பார்க்கும் தவறு. இதில் காசு இல்லை, வயிற்றில் நெருப்புத்தான். முறையாக அணைத்த போன், அணையும் முன் டவருக்கு ஒரு செய்தி சொல்லிவிட்டு அணையும். படகு சிக்னல் எல்லையைத் தாண்டும்போது அப்படி எதுவும் போவதில்லை. நெட்வொர்க் பழைய இடத்திலேயே தேடி, பதில் இல்லாமல், தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது. போனிடமிருந்து குறிப்பிட்ட நேரத்துக்குச் சத்தமே இல்லாவிட்டால், அணைந்துவிட்டதாக அதுவே எழுதிக்கொள்ளும். அதனால் காலையில் ‘எல்லைக்கு வெளியே’ என்றது மாலையில் ‘சுவிட்ச் ஆஃப்’ என்று மாறலாம், நடுவில் யாரும் போனைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். “இப்ப ஆஃப்னு வருதே, தண்ணியில விழுந்துட்டாரோ” என்று பாம்பனிலிருந்து ஓர் அக்கா அழுதுகொண்டே எனக்குப் போன் செய்திருக்கிறார். மறுநாள் விடியலில் படகு கரை சேர்ந்தது. ஆள் திரும்பும் நேரம் நிஜமாகவே தாண்டிவிட்டால், அந்த அறிவிப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு உட்காராமல் கடலோரக் காவல்படையின் 1554-ஐ அழையுங்கள்.